மாதிரி அளவுகள் சமவாய்ப்பாக அமையும்போது குழுச் சராசரிகளைச் சோதிப்பது எப்படி?

கதிரலை:

வணக்கம். மூன்று வகை நுரையீரல் தொற்றுகளில் சிஆர்பி எனப்படும் அழற்சிப் புரதத்தின் அளவு வேறுபடுகிறதா என்று ஆராய்ந்து ஒரு கட்டுரை அனுப்பியிருந்தோம். எந்த வகையில் எத்தனை நோயாளிகளைச் சேர்ப்பது என்று நாங்கள் முன்கூட்டித் தீர்மானிக்கவில்லை. குறிப்பிட்ட காலத்துக்குள் வந்தவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டோம். முடிவில் முதல் வகையில் 41 அளவீடுகளும், இரண்டாவதில் 18 அளவீடுகளும், மூன்றாவதில் 7 அளவீடுகளும் கிடைத்தன. சராசரிகள் லிட்டருக்கு முறையே 62, 48, 45 மில்லிகிராம். திட்ட விலக்கங்கள் 28, 17, 15. பல குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் ஒருவழி அனோவா சோதனை செய்ததில், குழுக்களுக்கு இடையிலான வேறுபாட்டைக் குழுக்களுக்கு உள்ளேயான வேறுபாட்டோடு ஒப்பிடும் எஃப் மதிப்பு 2.90 என்றும், உண்மையில் வேறுபாடு இல்லாதபோதும் இவ்வளவு பெரிய மதிப்பு வருவதற்கான வாய்ப்பாகிய பி மதிப்பு 0.062 என்றும் வந்தது.

கட்டுரையை மதிப்பிட்டவர் ஒருவர், "இந்தச் சோதனை மாதிரி அளவுகள் நிலையானவை என்ற எடுகோளின்மேல் நிற்பது, உங்கள் ஆய்விலோ அவை சமவாய்ப்பு மாறிகள், ஆகவே எஃப் அட்டவணையை அப்படியே பயன்படுத்தியது சரியன்று, மாதிரி அளவின் பரவலையும் கணக்கில் கொண்ட சோதனை தேவை" என்று எழுதியிருக்கிறார். பாடநூல்களில் மாதிரி அளவு எப்போதும் கொடுக்கப்பட்ட ஓர் எண்ணாகவே வருகிறது என்பது உண்மைதான். ஆனால் நடைமுறையில் யாருடைய ஆய்வில்தான் அது முன்பே முடிவானபடி அமைகிறது? அவர் சொல்வதில் எவ்வளவு சரி என்று விளக்க இயலுமா?

நிகழ்தகவன்:

மதிப்பீட்டாளர் ஓர் உண்மையைச் சொல்லி, அதிலிருந்து வராத ஒரு முடிவுக்குப் போயிருக்கிறார். உங்கள் மாதிரி அளவுகள் சமவாய்ப்பு மாறிகள் என்பது உண்மை. அதனாலேயே எஃப் சோதனை செல்லாது என்பது அதிலிருந்து கிடைப்பதில்லை.

காரணத்தைப் படிப்படியாகப் பார்ப்போம். அளவீடுகள் இயல்நிலைப் பரவல் கொண்டவை, குழுக்களின் மாறுபாடு சமம், இன்மைக் கருதுகோள் (குழுச் சராசரிகளில் வேறுபாடு இல்லை என்பது) உண்மை என்று வைத்துக்கொள்ளுங்கள். 41, 18, 7 என்ற அமைப்பு கிடைத்துவிட்டது என்ற நிபந்தனையின்கீழ், எஃப் மதிப்பு 2, 63 ஆகிய கட்டின்மைக் கூறுகளையுடைய (குழுக்களின் எண்ணிக்கையிலும் மாதிரி அளவிலும் இருந்து வரும் எண்கள் இவை) எஃப் பரவலைத் துல்லியமாகப் பின்பற்றுகிறது. வேறோர் அமைப்பு, எடுத்துக்காட்டாக 30, 20, 10, கிடைத்திருந்தால் அதற்குரிய 2, 57 என்ற கூறுகளை எடுத்திருப்பீர்கள். அங்கும் தவறாக நிராகரிக்கும் நிகழ்தகவு நாம் வைத்துக்கொண்ட 5 விழுக்காடே. ஒவ்வோர் அமைப்பிலும் 5 விழுக்காடு என்றால், அமைப்புகள் எந்தப் பரவலின்படி வந்தாலும் அவற்றின் மொத்தச் சராசரியும் 5 விழுக்காடுதான். பாய்சான் பரவலா (தற்செயலாக நிகழ்பவற்றின் எண்ணிக்கைக்கு உரியது), பல்லுறுப்புப் பரவலா (நிலையான மொத்தம் வகைகளாகப் பிரிவதற்கு உரியது) என்ற கேள்வியே இங்கு எழுவதில்லை.

இந்த வாதம் முழுவதும் ஒரே ஒரு நிபந்தனையில் தொங்குகிறது: எத்தனை பேர் வந்தார்கள் என்பது, வந்தவர்களின் சிஆர்பி அளவைப் பற்றி எதையும் சொல்லக் கூடாது. இத்தகைய அளவையைப் புள்ளியியலாளர் ஃபிஷர் 1920களிலேயே துணைப் புள்ளியளவை என்று அடையாளம் காட்டினார். தான் சோதிக்கும் பண்பளவைப் பற்றித் தகவல் தராமல், நம்மிடமுள்ள தரவு எவ்வளவு நுட்பமானது என்பதை மட்டும் அது சொல்கிறது. அப்படிப்பட்ட அளவையை நிபந்தனையாக வைத்துக்கொண்டு முடிவெடுப்பதே முறை. அந்த நிபந்தனை உங்கள் ஆய்வில் நிறைவேறுகிறதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். எஃப் அட்டவணை அதைச் சொல்லாது.

மென்சுவடு:

நிகழ்தகவன் அவர்கள் சொன்ன கணிதத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் மதிப்பீட்டாளரை இவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது என்று எண்ணுகிறேன்.

குழு அளவுகளைப் பாய்சான் மாறிகளாகக் கொண்டு, எஃப் மதிப்பின் நிபந்தனையற்ற பரவலைக் கணக்கிடும் ஆய்வு மரபு ஒன்று உண்டு. மொத்த அளவு ஒவ்வொன்றுக்கும் உரிய எஃப் பரவல்களை, அந்த அளவு வருவதற்கான நிகழ்தகவால் எடையிட்டுக் கூட்டினால் ஒரு கலவைப் பரவல் கிடைக்கும். அதிலிருந்து ஒரே ஒரு தீர்வுகட்ட மதிப்பை (தாண்டினால் நிராகரிக்கும் எல்லையை) எடுத்து, ஆய்வு தொடங்கும் முன்பே அறிவித்துவிடலாம். ஆய்வைத் திரும்பத் திரும்பச் செய்தால் மாதிரி அளவும் ஒவ்வொரு முறையும் மாறும் என்பதே உண்மை நிலை. நீண்டகால நிகழ்வெண்ணை நம்பும் சோதனைக் கோட்பாடு, உண்மையில் திரும்ப நிகழக்கூடியதைத்தானே கணக்கில் கொள்ள வேண்டும்? நடக்காத ஒன்றை, அதாவது 41, 18, 7 என்ற அதே அமைப்பு முடிவின்றித் திரும்ப வருவதை, ஏன் கற்பனை செய்ய வேண்டும்?

இன்னொன்று. மூன்றாம் குழுவின் எதிர்பார்ப்பு 7 என்றில்லாமல் 3 ஆக இருந்திருந்தால், பாய்சான் பரவலின்படி அந்தக் குழுவில் ஒருவரும் இல்லாமல் போக ஏறத்தாழ 5 விழுக்காடும், ஒருவர் மட்டுமே இருக்கவோ எவருமே இல்லாமல் போகவோ ஏறத்தாழ 20 விழுக்காடும் வாய்ப்பு உண்டு. அப்போது நீங்கள் சோதிப்பதாகச் சொன்ன கருதுகோளையே சோதிக்க முடியாது. நிபந்தனை வாதம் இதைப் பற்றிப் பேசாமல் நகர்ந்துவிடுகிறது.

நிகழ்தகவன்:

மென்சுவடு அவர்களின் முதல் கேள்வி நல்ல கேள்வி. 1958இல் புள்ளியியலாளர் டேவிட் காக்ஸ் இதைத்தான் எடுத்துக்கொண்டார். ஒரு நாணயத்தைச் சுண்டி, விழும் பக்கத்தைப் பொறுத்து இரண்டு அளவைக் கருவிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம். ஒன்று மிகப் பரும்படியானது, மற்றது மிக நுட்பமானது. எந்தக் கருவி கிடைத்தது என்று நமக்குத் தெரியும். சராசரி சுழியா என்று 5 விழுக்காட்டு மட்டத்தில் ஒருபக்கச் சோதனை செய்ய வேண்டும். இயல்பாக யாரும், கிடைத்த கருவியின் திட்ட விலக்கத்தைப்போல 1.64 மடங்கைத் தாண்டினால் நிராகரிப்போம் என்பார்கள். ஆனால் மாற்றுக் கருதுகோளின் மதிப்பு பரும்படிக் கருவியின் திட்ட விலக்கத்தை ஒத்த அளவில் இருந்தால், மொத்த மட்டத்தை மட்டும் 5 விழுக்காட்டில் நிறுத்தித் திறனை (உண்மையான வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பை) பெருக்கும் சோதனை வேறு மாதிரி நடந்துகொள்கிறது. பரும்படிக் கருவிக்கு 1.28 மடங்கும், நுட்பக் கருவிக்கு 5 மடங்கும் என்று எல்லைகளை வைக்கிறது. அதாவது கையில் இருப்பது மோசமான கருவி என்று தெரிந்த பிறகும் 10 விழுக்காட்டுப் பிழையை அனுமதிக்கிறது. கையில் வராத நல்ல கருவியின் கணக்கில் அதை ஈடுகட்டிக்கொள்கிறது. கணக்காளருக்கு இது சரி. ஒரு குறிப்பிட்ட தரவைக் கையில் வைத்திருக்கும் ஆய்வாளருக்கு இதில் பொருள் இல்லை.

நம் சிக்கலுக்கே இதைப் பொருத்திக் காட்டுகிறேன். மூன்று குழுக்கள் இருக்கும்போது எஃப் பரவலின் வால் நிகழ்தகவுக்கு அட்டவணையே தேவையில்லை: எஃப் மதிப்பை இரட்டித்து, இரண்டாம் கட்டின்மைக் கூறால் வகுத்து, 1 கூட்டி, அதன் தலைகீழை இரண்டாம் கூறில் பாதி அடுக்குக்கு உயர்த்தினால் போதும். மொத்த மாதிரி அளவு 9 ஆகவோ 63 ஆகவோ இருக்கச் சம வாய்ப்பு என்று கொள்வோம். இரண்டாம் கூறு 6 அல்லது 60. நிபந்தனை முறையில் எல்லைகள் முறையே 5.14, 3.15. கலவைப் பரவலிலிருந்து ஒரே எல்லை எடுத்தால் அது 4.04 என்று வருகிறது. அந்த எல்லையில் 9 பேர் கொண்ட ஆய்வில் தவறான நிராகரிப்பு 7.7 விழுக்காடு, 63 பேர் கொண்ட ஆய்வில் 2.3 விழுக்காடு; சராசரி 5. எந்த ஆய்வில் சான்று மெலிந்திருக்கிறதோ அங்கே தாராளம், எங்கே வலுவாக இருக்கிறதோ அங்கே கஞ்சத்தனம். இதை ஒரு முன்னேற்றம் என்று என்னால் ஏற்க இயலவில்லை.

கதிரலை அவர்களின் தரவிலோ இந்த வாக்குவாதமே ஏட்டளவிலானது. மொத்தம் 66 என்பது பாய்சான் மாறியாக இருந்தால் அது பெரும்பாலும் 50க்கும் 82க்கும் இடையில் ஆடும். அதற்கேற்ப 5 விழுக்காட்டு எல்லை 3.20க்கும் 3.11க்கும் இடையில் மட்டுமே நகரும். உங்களுக்கு உரிய எல்லை 3.14. எந்த முறையைப் பின்பற்றினாலும் 2.90 என்பதன் நிலை மாறப்போவதில்லை.

அளவைக்கோல்:

மாதிரிக் கணக்கெடுப்புத் துறையில் இருப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். எங்களுக்கு இது நாள்தோறும் வரும் சிக்கல். முழுமைத் தொகுதியிலிருந்து எளிய சமவாய்ப்பு மாதிரி எடுத்துவிட்டு, அதற்குள் ஓர் உட்பிரிவின் சராசரியைக் கேட்கும்போது, அந்த உட்பிரிவில் எத்தனை பேர் விழுவார்கள் என்பது எங்கள் கையில் இல்லை.

இங்கே திட்டமிடலையும் முடிவெடுத்தலையும் பிரித்துப் பார்க்க வேண்டும். திட்டமிடும்போது மாதிரி அளவு இன்னும் தெரியாது. ஆகவே அதன் பரவல்மீது சராசரி எடுப்பது தவிர்க்க முடியாதது. எதிர்பார்க்கும் அளவு 10, உட்பிரிவின் பங்கு ஐந்தில் ஒன்று, மொத்த மாதிரி 50 என்று கொண்டால், உட்பிரிவுச் சராசரியின் மாறுபாடு, சரியாக 10 பேர் கிடைத்திருந்தால் வரக்கூடியதைவிட ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுதலாக இருக்கும். ஏனெனில் மாதிரி அளவின் தலைகீழின் சராசரி, சராசரியின் தலைகீழைவிடப் பெரியது. ஆனால் தரவு வந்த பிறகு 14 பேர் கிடைத்திருந்தால், அந்த 10 விழுக்காட்டை இன்னும் தூக்கிச் சுமப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. 14ஐ வைத்தே திட்டப் பிழையைக் கணக்கிட வேண்டும்.

திட்டமிடலிலும் இந்த இழப்பைப் பெரிதாக எண்ணி அஞ்சுபவர்கள் உண்டு. மொத்தம் 40 பேரை ஒவ்வொருவராக நாணயம் சுண்டி இரு குழுக்களாகப் பிரித்தால், 20, 20 என்று அமையாது. ஒரு குழுவின் அளவுக்குத் திட்ட விலக்கம் மட்டும் 3க்கு மேல். ஆயினும் ஒப்பீட்டின் நுட்பத்தைத் தீர்மானிக்கும் எண், அதாவது இரு அளவுகளின் பெருக்கலை மொத்தத்தால் வகுத்தது, சமப் பிரிப்பில் 10 ஆகவும், நாணயப் பிரிப்பில் சராசரியாக 9.75 ஆகவும் இருக்கிறது. 40க்குப் பதில் 39 பேரைச் சரிபாதியாகப் பிரிக்க முடிந்திருந்தால் கிடைக்கும் எண் அதுவே. மொத்தம் எவ்வளவாக இருந்தாலும் நாணயத்தின் விலை சராசரியாக ஒரே ஓர் ஆள்தான் என்பது எனக்கு எப்போதும் சற்று வியப்பளிக்கும்.

ஆய்வகத்தான்:

எல்லாரும் மாறுபாடு சமம் என்று வைத்துக்கொண்டே பேசுகிறீர்கள். கதிரலை கொடுத்த திட்ட விலக்கங்களைப் பாருங்கள்: 28, 17, 15. மாதிரி அளவு சமவாய்ப்பாக இருப்பது உண்மையில் தொல்லை கொடுக்கத் தொடங்குவது இங்கேதான்.

இரு குழுக்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் திட்ட விலக்கம் 2, மற்றதன் திட்ட விலக்கம் 1. மாறுபாடுகளைத் தொகுத்துச் செய்யும் வழக்கமான டி சோதனையை 5 விழுக்காட்டு மட்டத்தில் செய்கிறோம். இரு குழுவிலும் 20, 20 பேர் இருந்தால் ஏறத்தாழ 5 விழுக்காடு கிடைத்துவிடும். மாறுபாடு பெரிதான குழுவில் 10 பேரும் மற்றதில் 30 பேரும் அமைந்தால், உண்மையான தவறு 14, 15 விழுக்காட்டுக்குப் போகிறது. அதுவே தலைகீழாக 30, 10 என்று அமைந்தால் 1 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இப்போது மாதிரி அளவுகளைச் சமவாய்ப்பாக ஆடவிட்டுச் சிமுலேஷன் செய்து, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு, கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று பெருமளவு விழுங்கிவிடுவதால், "சோதனை ஏறக்குறைய சரியாகவே இயங்குகிறது" என்று தோன்றும். கையில் வந்த அமைப்பு எதுவோ அதில் அது அறவே சரியாக இயங்கவில்லை. நிபந்தனையற்ற மட்டத்தை மட்டும் காட்டும் சிமுலேஷன் அட்டவணைகளை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

உங்கள் தரவில் பெரிய மாறுபாடு பெரிய குழுவில் இருக்கிறது; ஆகவே வழக்கமான எஃப் சோதனை தேவைக்கு மேல் தயங்கும். நீங்கள் கொடுத்த எண்களைக் கொண்டே, மாறுபாடுகள் சமம் என்று கருதாத வெல்ச் முறையில் கணக்கிட்டுப் பார்த்தேன்: எஃப் மதிப்பு 3.74, கட்டின்மைக் கூறுகள் 2, 20.1, பி மதிப்பு 0.042. ஒரே தரவு, ஒரு சோதனையில் 0.062, மற்றதில் 0.042. கூறு 63இலிருந்து 20க்கு இறங்கியதற்குப் பெரும்பங்கு அந்த 7 பேர் குழுவே காரணம் என்பதையும் கவனியுங்கள்.

கதிரலை:

மிக்க நன்றி. அப்படியானால் வெல்ச் முறைக்கு மாறிவிட்டு, வேறுபாடு 5 விழுக்காட்டு மட்டத்தில் உறுதியாகிறது என்று எழுதிவிடலாமா?

ஆய்வகத்தான்:

அப்படி எழுதினால், 0.062 வந்ததால் சோதனையை மாற்றிக்கொண்டீர்கள் என்று எவரும் சொல்லலாம், அதற்கு உங்களிடம் விடை இருக்காது. வெல்ச் முறை தொடக்கத்திலேயே தெரிவுசெய்யப்பட்டிருக்க வேண்டியது. குழு அளவுகள் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத ஆய்வில், எந்தக் குழு சிறுத்துப்போகும் என்பதே தெரியாத நிலையில், சம மாறுபாட்டை நம்பி இறங்குவதற்கு நியாயம் குறைவு. இப்போது செய்யக்கூடியது இரண்டு முடிவுகளையும் கொடுத்து, எது முன்பே திட்டமிட்டது, எது பின்பு சேர்த்தது என்று வெளிப்படையாகக் குறிப்பிடுவதுதான். 0.042க்கும் 0.062க்கும் இடையே உண்மையில் அவ்வளவு பெரிய பள்ளம் ஒன்றும் இல்லை.

நிகழ்தகவன்:

நான் முதலில் கேட்டதற்கு இன்னும் விடை வரவில்லை. சேர்க்கையை எப்போது, எதை வைத்து நிறுத்தினீர்கள்? அளவீடு எடுக்கப்படாமல் விடுபட்டவர்கள் உண்டா?

கதிரலை:

இரண்டுக்கும் விடை தருகிறேன். திட்டமிட்ட காலம் முடிந்தபோது மூன்றாம் வகையில் 4 பேர் மட்டுமே இருந்தார்கள். மிகக் குறைவு என்று கருதிக் காலத்தை நீட்டித்தோம்; அந்தக் குழு 7ஐ எட்டியதும் நிறுத்தினோம். ஆய்வக முடிவுகள் எல்லாம் இறுதியில் ஒருசேர வந்தவை. நீட்டிக்க முடிவெடுத்தபோது எவரும் அளவுகளைப் பார்த்திருக்கவில்லை.

முதல் வகையில் மொத்தம் 58 நோயாளிகள் வந்தார்கள். காய்ச்சல் விரைவில் தணிந்துவிட்டவர்களுக்கு மருத்துவர்கள் சிஆர்பி சோதனை எழுதிக் கொடுக்கவில்லை. அப்படி 17 பேர் விடுபட்டார்கள். மற்ற இரு வகைகளிலும் எல்லாருக்கும் சோதனை செய்யப்பட்டது.

நிகழ்தகவன்:

நீங்கள் கவலைப்பட வேண்டியது இரண்டாவது பத்தியைப் பற்றி. பலரும் கவலைப்படுவது முதல் பத்தியைப் பற்றி.

முதலில் நீட்டிப்பை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் குழுவில் 7 பேர் சேரும்வரை காத்திருந்தது நிறுத்த விதி ஒன்றுதான். ஆனால் அந்த விதி தலைகளை எண்ணியதே தவிர அளவுகளைப் பார்க்கவில்லை. காத்திருந்த காலத்தில் மற்ற குழுக்கள் எவ்வளவு வளர்ந்தன என்பதும் அப்படியே. ஆகவே நிபந்தனை வாதம் சிதையாமல் நிற்கிறது. அளவுகளைப் பார்த்துக்கொண்டே, பி மதிப்பு 0.05க்குக் கீழே இறங்கும் கணத்தில் நிறுத்தியிருந்தால் கதை முற்றிலும் வேறு. ஆர்மிட்டேஜும் அவருடன் பணியாற்றியவர்களும் 1969இல் கணக்கிட்டுக் காட்டியபடி, 5 விழுக்காட்டு மட்டத்தில் சம இடைவெளிகளில் இரண்டு முறை பார்த்தால் உண்மைத் தவறு 8.3 விழுக்காடு, ஐந்து முறை பார்த்தால் 14.2, பத்து முறை பார்த்தால் 19.3. முடிவின்றிப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் நிராகரித்தே தீருவோம். இடையில் பார்ப்பது தவிர்க்க முடியாததென்றால் அதற்கு விலை கொடுக்கலாம்: பொக்காக் 1977இல் தந்த முறையில் ஐந்து முறை பார்ப்பவர் ஒவ்வொரு முறையும் 0.0158 என்ற எல்லையை வைத்துக்கொள்ள வேண்டும்.

இதில் சோதனையின் மட்டம் மட்டுமன்று, சராசரியே சாய்கிறது. ஒரு நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் நிறுத்துங்கள், பூ விழுந்தால் இன்னொரு முறை சுண்டி நிறுத்துங்கள். தலைகளின் விகிதத்துக்கு எதிர்பார்ப்பு என்ன? பாதி வாய்ப்பில் 1, கால் வாய்ப்பில் அரை, கால் வாய்ப்பில் சுழி, கூட்டினால் 0.625. நாணயம் நேர்மையானது, சுண்டியவரும் ஏமாற்றவில்லை, நிறுத்தும் விதி மதிப்பைப் பார்த்தது, அவ்வளவே. மொத்தத் தலைகளின் எதிர்பார்ப்பு 0.75, சுண்டல்களின் எதிர்பார்ப்பு 1.5, அவற்றின் விகிதம் சரியாக அரை என்பதையும் கவனியுங்கள். தொகைகளுக்குப் பொருந்தும் நேர்மை, சராசரிக்குப் பொருந்தாமல் போகிறது.

பெரிய மாதிரிகளில் அன்ஸ்கோம்ப் 1952இல் நிறுவிய தேற்றம் ஓரளவு ஆறுதல் தரும். நிறுத்தியபோது இருந்த மாதிரி அளவை, பெருகிக்கொண்டே போகும் ஒரு நிலையான எண்ணால் வகுத்தது ஒரு மாறிலியை நெருங்குமானால், மாதிரி அளவு தரவைச் சார்ந்திருந்தாலும் சராசரியின் பரவல் இயல்நிலையை நோக்கியே போகும். "மிகைகாண் முடிவு வரும்வரை" (அதாவது பி மதிப்பு 0.05க்குக் கீழே இறங்கும்வரை) என்ற விதி அந்த நிபந்தனைக்குள் அடங்காது. அது எங்கே நிற்கும் என்பது எந்த மாறிலியையும் நெருங்குவதில்லை.

இனி அந்த 17 பேர். இங்கே குழு அளவு 58இலிருந்து 41 ஆனதற்குக் காரணம், அளவிட வேண்டிய அந்தப் பண்போடு தொடர்புடையது. காய்ச்சல் விரைவில் தணிந்தவர்களுக்குச் சிஆர்பி குறைவாக இருந்திருக்கும் என்று எதிர்பார்ப்பதே இயல்பு. ஆகவே 62 என்பது முதல் வகை நோயாளிகளின் சராசரியன்று. அவர்களில் காய்ச்சல் நீடித்தவர்களின் சராசரி. இதற்கு எஃப், வெல்ச், நிபந்தனையற்ற எஃப் எதுவும் மருந்தாகாது. அளவு எப்படிக் குறைந்தது என்பதைக் கேட்காமல், குறைந்த அளவுக்கு எந்த அட்டவணை என்று கேட்பது இடம் மாறிய கேள்வி.

அளவைக்கோல்:

அந்த 17 பேரைப் பற்றி எளிய கணக்கொன்றைப் போட்டுப் பார்க்கலாம். 41 பேரின் கூட்டுத்தொகை 2542. விடுபட்டவர்களின் சராசரி 35 ஆக இருந்திருந்தால் 58 பேரின் சராசரி ஏறத்தாழ 54 ஆகும். இரண்டாம் குழுவோடு உள்ள வேறுபாடு 14இலிருந்து 6ஆகச் சுருங்கும். வேறுபாடு முற்றிலும் மறைய வேண்டுமென்றால் விடுபட்டவர்களின் சராசரி 14ஐ ஒட்டி இருந்திருக்க வேண்டும். மிகைகாண் முடிவு அதற்கு வெகுமுன்பே மறைந்துவிடும் என்பது வேறு. காய்ச்சல் விரைவில் தணிந்த நோயாளிகளுக்கு 14 என்பது நம்பத்தக்கதா, 35 நம்பத்தக்கதா என்பதை உங்கள் மருத்துவர்கள்தான் சொல்ல வேண்டும். புள்ளியியலார் சொல்லக் கூடாது. சேர்க்கையின்போதே பதிவான வயது, முதல்நாள் வெப்பநிலை போன்றவை 58 பேருக்கும் இருந்தால், அவற்றைக் கொண்டு விடுபட்ட மதிப்புகளைப் பலமுறை இட்டு நிரப்பும் முறையையும் முயலலாம். அது, விடுபடுதல் பதிவான தகவல்களை மட்டுமே சார்ந்தது என்ற எடுகோளில் நிற்பது. ரூபின் 1976இல் வகுத்த பிரிப்பு அதுவே.

எண்ணாடி:

இணையதளச் சோதனைகளில் வேலை செய்பவன். எங்கள் துறையில் இதற்கென்றே ஒரு வழக்கம் உண்டு: சராசரிகளை ஒப்பிடும் முன் குழு அளவுகளையே ஒரு சோதனைக்கு உட்படுத்துவோம். பயனர்களைச் சரிபாதியாகப் பிரித்திருக்க வேண்டிய சோதனையில் 10,000, 9,600 என்று எண்ணிக்கை வந்தால், வேறுபாடு 400, அதன் திட்டப் பிழை 140, 2.86 மடங்கு. பி மதிப்பு ஏறத்தாழ 0.004. பார்வைக்குச் சிறியதாகத் தோன்றும் இந்த இடைவெளி, எங்கோ ஒரு பக்கத்தில் பயனர்கள் எண்ணப்படாமல் உதிர்கிறார்கள் என்பதற்கான அறிகுறி. பக்கம் மெதுவாகத் திறப்பதால் பொறுமையற்றவர்கள் வெளியேறி, எஞ்சியவர்களின் சராசரி உயர்ந்திருக்கலாம். அப்போது சராசரிகளைப் பார்ப்பதையே நிறுத்திவிடுவோம்.

இரு காரணிகளை ஒருசேர ஆராயும் இருவழி அனோவா செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அறை அளவுகள் (இரு காரணிகளின் ஒவ்வொரு சேர்க்கையிலும் உள்ளவர்களின் எண்ணிக்கை) சமமாக இல்லாதபோது, காரணிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடும் வரிசைமுறை வர்க்கக் கூட்டுத்தொகை முறை சோதிக்கும் கருதுகோளில் அந்த அறை அளவுகளே எடைகளாக நுழைந்துவிடுகின்றன. அளவுகள் சமவாய்ப்பானவை என்றால், சோதிக்கப்படும் கருதுகோளே ஆய்வுக்கு ஆய்வு மாறும். மென்பொருள் இயல்பாகத் தருவதை எடுத்துக்கொள்ளாமல், எந்த எடையோடு எந்தச் சராசரிகளை ஒப்பிட விரும்புகிறோம் என்று முதலில் எழுதி வைத்துவிட வேண்டும்.

மென்சுவடு:

கதிரலை அவர்களின் தரவைப் பொறுத்தவரை நிகழ்தகவன் சொன்னதே பொருந்தும் என்பதை ஏற்கிறேன். பொதுக் கொள்கையில் மட்டும் ஒரு முள் எஞ்சி நிற்கிறது. மூன்றாம் குழுவில் எவருமே வராமலிருந்தால், எஞ்சிய இரண்டையும் ஒப்பிட்டிருப்பீர்கள். அந்த நிகழ்வும் உங்கள் 5 விழுக்காட்டு வாக்குறுதிக்குள் அடங்குமா?

நிகழ்தகவன்:

ஒவ்வொரு குழுவிலும் குறைந்தது இருவராவது இருந்தால் மட்டுமே சோதிப்போம், இல்லையெனில் முடிவு கூற மாட்டோம் என்று முன்பே எழுதிவிட்டால் அடங்கும். அந்த விதியும் தலைகளை மட்டுமே எண்ணுகிறது. ஆகவே சோதித்த ஆய்வுகளிடையே தவறு 5 விழுக்காடாகவே இருக்கும். அப்படி எழுதாமல், வந்ததை வைத்துக் கருதுகோளை வெட்டி ஒட்டினால், நீங்கள் சொல்லும் முள் உண்மையானதே. இரண்டாம் கேள்வியாக, சோதிக்க முடியாமல் போகும் வாய்ப்பு எவ்வளவு என்பது திட்டமிடலில் சொல்லப்பட வேண்டும். அங்கே உங்கள் பாய்சான் கணக்குக்கு முழு இடம் உண்டு.

கதிரலை:

மதிப்பீட்டாளருக்கு இப்படி எழுத எண்ணுகிறேன்: "குழு அளவுகள் சமவாய்ப்பானவை என்பதை ஏற்கிறோம். சேர்க்கை நிறுத்தப்பட்ட விதி அளவீடுகளைச் சாராததால், கிடைத்த அளவுகளை நிபந்தனையாகக் கொண்ட சோதனையே பொருத்தமானது. மாறுபாடுகள் சமமற்றவை என்பதால் வெல்ச் சோதனையின் முடிவையும், அது பின்னர் சேர்க்கப்பட்டது என்ற குறிப்போடு தந்திருக்கிறோம். முதல் வகையில் 17 நோயாளிகளுக்கு அளவீடு எடுக்கப்படவில்லை. இது சமவாய்ப்பான விடுபாடு." இவ்வளவு போதுமா?

நிகழ்தகவன்:

கடைசி வாக்கியத்தைத் தவிர மற்றதெல்லாம் சரி. "இது சமவாய்ப்பான விடுபாடு" என்பதை நீக்கிவிட்டு, காய்ச்சல் விரைவில் தணிந்ததால் சோதனை எழுதப்படவில்லை என்ற காரணத்தை அப்படியே எழுதுங்கள். அளவைக்கோல் போட்ட 35, 14 கணக்கை அதன்கீழ் ஓர் அட்டவணையாகக் கொடுங்கள். கட்டுரையின் தலைப்பில் "நோயாளிகள்" என்று மட்டும் இருந்தால், "சிஆர்பி அளவிடப்பட்ட நோயாளிகள்" என்று அதையும் திருத்த வேண்டியிருக்கும்.